ரசமட்டமும் டிவிக்குள்ளே ஒரு மேசையும்

உலகத்தில் எந்தப் பொருளும் நேராக இல்லை என்று நிரூபிப்பதற்காகவே பெற்று விடப்பட்ட ஒரே மனிதன் எங்கள் ரசமட்டம்தான். புதுக்கோட்டையில் டைல்ஸ் ஒட்டிய வீடு எதற்குள் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். அப்புறம்தான் "அந்த ஆளா?" என்பார்.

ரசமட்டம் என்றால் தெரியுமில்லையா? கொத்தனார் கையில் ஒரு கட்டை இருக்கும். நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. தரையில் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நின்றால் தரை மட்டம். அந்தக் கட்டையில் முழங்கை நீளத்துக்கு ஒன்றைக் கையிலும், விரல் நீளத்துக்கு ஒன்றைச் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டுதான் அவன் அலைவான். டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் வைத்துப் பார்ப்பான். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடையில் வைத்துப் பார்ப்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பின் வாசலை மிதித்தவன் இல்லை. அடுத்தவன் கடையில் சிமெண்ட் மூட்டை தூக்கினவன். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று மாடியில் டைல்ஸ், கிரானைட், பாத்ரூம் சாமான் கடை வைத்திருக்கிறேன். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் நாலு பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். லீவு லெட்டர் அழகாக எழுதுகிறார்கள். வேறு திறமை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரு கல்லைச் சுண்டிவிட்டு, வந்த சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கத்துக் கல் என்று சொல்கிற ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். இன்னொருத்தன் இருந்தால் வரச்சொல்லுங்கள்.

ரசமட்டம் என் கடையின் ஆஸ்தான டைல்ஸ் மேஸ்திரி. அவன் வாயில் இருந்த ஒரே பாராட்டுச் சொல் 'மட்டம்'. வினையே அதுதான். ஊர் உலகத்தில் மட்டம் என்றால் கேவலம். அவனுக்கு மட்டம் என்றால் சொர்க்கம்.

கீரனூரில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு, சம்பந்தியாகப் போகிற வீட்டார் சகிதம் நூறு பேர் வந்து நிற்கிறார்கள். நம்ம ஆள் நடு ஹாலில் மண்டியிட்டு, கட்டையை வைத்து, குமிழியைப் பார்த்தான். எழுந்தபோது கண் கலங்கி இருந்தது. சபையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"சார், நானும் எத்தனையோ வீடு பாத்துட்டேன். இவ்வளவு மட்டமான வீட்டை என் சர்வீஸ்ல பாத்ததே இல்ல."

சம்பந்தியம்மா பாயசத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான் போய் அரைமணி நேரம் விளக்கம் சொன்ன பிறகுதான் அந்தக் கல்யாணப் பேச்சு மறுபடி எழுந்து நடந்தது.

இப்படிப்பட்டவனுக்கு, குச்சியால் பந்தைத் தட்டி ஓட்டையில் போடுகிற பூல் ஆட்டம் எங்கிருந்து ஒட்டியது என்று கேட்பீர்கள். அதுவும் என்னால்தான். திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டலை மூடி, சாமான்களை விற்றார்கள். நான் ரசமட்டத்தைக் கூட்டிக்கொண்டு வாஷ்பேசினும் மார்பிளும் எடுக்கப் போனேன். அங்கே ஒரு பெரிய மேசை. மேலே பச்சைத் துணி, ஆறு ஓட்டை. அப்போது எனக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் கல் தெரியும். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மூன்று பெரிய பலகைக் கல், ஸ்லேட்டு. மூன்று சமையல் மேடை ஆகும் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் அறுத்துவிட்டேன்.

ரசமட்டம் வழக்கம்போலக் கட்டையை எடுத்து மேசை மேல் வைத்தான். வைத்தவன் அசையவில்லை.

"அண்ணே, இதை என்ன பண்ணப்போறீங்க?"

"சமையல் மேடைக்கு வெட்டலாம்னு இருக்கேன்ப்பா."

"வெட்டுனீங்கன்னா ஒங்க கடைப் படியில இனிமே காலை வைக்கமாட்டேன்."

"ஏப்பா, கல்லுதானே?"

"கல்லா? இங்கிட்டு வந்து பாருங்கண்ணே. குமிழி மூச்சு விடாம நிக்குது."

அந்த மேசை என் கடையின் மேல்மாடிக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். கால்களுக்கு அடியில் சீட்டுக்கட்டை வெட்டி வெட்டிச் செருகி, அதை நிறுத்தவே பதினைந்து நாள் எடுத்துக்கொண்டான். மட்டம் சரியா என்று பார்க்க ஒரு பந்தை உருட்டினான். நேராகப் போகிறதா என்று பார்க்கக் குச்சியால் தட்டினான். ஓட்டையில் விழுகிறதா என்று பார்க்க இன்னொன்றைத் தட்டினான். சோதனைக்கு அடிக்க ஆரம்பித்தவன், ஒரு வருஷத்தில் பக்கத்து ஜில்லாவிலிருந்து ஆட வந்தவர்களை எல்லாம் தலை குனிந்து மாடிப்படி இறங்க வைத்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பென்சிலோடு ஆடுவான். கடை அடைத்ததும் நானும் அவனோடு ஒரு ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

எங்கள் மாடியில் நடுவர் கிடையாது. ரசமட்டம் போட்ட சட்டம் ஒன்று மட்டும் உண்டு. சட்டைக் கையோ, வேட்டி நுனியோ, குச்சியோ படக்கூடாத பந்தில் பட்டால், பட்டவனே "தொட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குச்சியைச் சாத்த வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மீமிசலிலிருந்து இறால் வியாபாரி பாய் ஒருத்தர் வாரம் ஒருநாள் வருவார். ஒருமுறை ஜிப்பாக் கை பட்டதா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க பாய்" என்று ரசமட்டம் டீக் குடிக்க இறங்கிப் போய்விட்டான். பாய் அரைமணி நேரம் மேசை முன்னால் நின்று யோசித்தார். ரசமட்டம் திரும்பி வந்தபோது, "ஆமாப்பா, தொட்டுட்டேன். இந்த யோசனைக்கு நான் தோத்துட்டே போயிருக்கலாம்" என்றார்.

இந்த நிலைமையில்தான் என் மாப்பிள்ளை கத்தாரிலிருந்து வந்து இறங்கினார். எஞ்சினீயர். நல்ல பிள்ளை. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தது சோடை போகுமா? இனிமேல் வெளிநாடு வேண்டாம், உள்ளூரிலேயே தொழில் செய்கிறேன் என்றார். மேல்மாடியைச் சுற்றிப் பார்த்தார். மேசையை மட்டும் இரண்டு தடவை சுற்றினார்.

"மாமா, இது அடைச்சுக்கிட்டு நிக்கிற எடத்துல நாலு பெரிய டிவி போடலாம். கேம் சென்டர். இந்த பூல் ஆட்டம்கூட அதுல இருக்கு. அச்சு அசல் இது மாதிரியே இருக்கும்."

மாதிரியே! எனக்குச் சிரிப்பு வந்தது. மரம் மாதிரியே டைல்ஸ், மார்பிள் மாதிரியே டைல்ஸ், ஆற்றுக் கூழாங்கல் மாதிரியே டைல்ஸ் விற்கிறவன் நான். அந்த ஒரு சொல்லை வைத்து மூன்று மாடி கட்டியவனிடம் வந்து அதையே விற்கிறார். ஆனால் ஒன்று. நான் மரம் மாதிரி என்பேனே தவிர, ஒரு நாளும் மரம் என்று சொல்லி விற்றதில்லை. மாப்பிள்ளை அந்த எல்லையையும் தாண்டினார்.

"மாதிரி கூட இல்ல மாமா, உண்மையேதான். பந்தோட கனம், துணியோட உராய்வு எல்லாத்தையும் கணக்குப் போட்டு வச்சிருக்கான். பிசிக்ஸ்."

"அந்தப் பிசிக்ஸு ஒருநாளாச்சும் குச்சி புடிச்சிருக்காங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரசமட்டம்தான்.

மறுநாளே ஒரு டிவியையும் ஆட்ட மிஷினையும் கொண்டுவந்து மாட்டினார் மாப்பிள்ளை. திரையில் மேசை வந்தது. பளபளவென்று ஜோராகத்தான் இருந்தது. பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெளிநாட்டு ஊர் ஒன்றின் விளக்கு. நம்ம ஆள் முதல் வேலையாகச் சட்டைப் பையிலிருந்து சின்னக் கட்டையை எடுத்து டிவியின் தலையில் வைத்தான். "டிவி மட்டமா இருக்கு" என்றான். மாப்பிள்ளை முகம் சுருங்கியது. அப்புறம் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "டிவியைவிட உள்ள இருக்கற மேசை மட்டமா இருக்கு" என்றான்.

"என்ன மாமா, பாக்காமக்கொள்ளாம மட்டம்கிறாரு?"

"அவரு பாராட்டுறாரு மாப்ளை" என்றேன்.

"இல்லண்ணே, நான் பாராட்டல" என்றான் அவன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் குறையாக வந்தது அன்றைக்குத்தான். "இவ்வளவு மட்டம் ஆகாது. எந்த மேசையிலயும் பந்து சாகப்போற நேரத்துல ஒரு நூலு ஒதுங்கும். எங்கிட்டு ஒதுங்கும்னு தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன். இதுல ஒதுங்கவே இல்லையே. செத்த மேசைங்க இது."

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. ரசமட்டம் தினமும் வேலை முடிந்து மேலே வருவான், அந்த டிவியின் முன்னால் உட்காருவான், ஒரு குறையோடு எழுந்திருப்பான்.

"ஏங்க மாப்ள, குச்சி இருக்கு, கை எங்க?"

"கையெல்லாம் காட்டமாட்டாங்கண்ணே. குச்சி மட்டும்தான் தெரியும்."

"அந்தரத்துல நிக்குதுங்களே! எங்க ஊருல குச்சி தானா அந்தரத்துல நின்னா வேப்பெலை அடிப்பாங்க. யாரு புடிச்சிருக்கா, முனியய்யாவா?"

இன்னொரு நாள், அடிப்பதற்கு முன்னால் பந்து எங்கே போகும் என்று ஆட்டமே ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் காட்டுவதைக் கண்டுபிடித்தான். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். எனக்கே அது காப்பி அடிக்கிற வேலையாகத்தான் பட்டது. கோட்டை எடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை ஒரு பொத்தானை அமுக்கி எடுத்தும் விட்டார். அதற்கும் சண்டை.

"கோடு இல்லாட்டி நான் குனிஞ்சு பாக்கணும்ல? ஒரு கண்ணை மூடிப் பாக்கணும்ல? இதுல காக்கா மாதிரி கூரை மோட்டுல உக்காந்து பாக்க விடுறான். இல்லாட்டி எலி மாதிரி பந்துக்குப் பின்னாடி உக்காந்து பாக்க விடுறான். மனுஷன் நிக்கிற ஒசரத்துல ஒரு கண்ணு இல்லையே."

அடிக்கும் குச்சியின் முனையில் நீல சாக்பீஸ் தேய்க்காவிட்டால் குச்சி வழுக்கும். ஆட்டத்தில் அதற்கும் வழியில்லை. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிஜ சாக்கை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டான். மாப்பிள்ளை பாசமாக வாங்கிவந்த, கட்டைவிரலால் அமுக்கி ஆடுகிற வெள்ளைக் கண்ட்ரோலர் ஒரே வாரத்தில் நீலமாகிவிட்டது.

மழைக்காலம் வந்தது. "மாப்ள, ஐப்பசியில நம்ம மேசைத் துணி ஈரம் குடிச்சிரும். பந்து பாதி வழியில உக்காந்துக்கும். சித்திரையில தொட்டாலே பறக்கும். இந்த டிவியில இப்ப என்ன மாசம்?"

"அதுல மாசமெல்லாம் கெடையாதுண்ணே."

"மாசமே இல்லாத ஊருல மனுஷன் எப்படிங்க வெளையாடுவான்?"

எதிராளியாக மிஷினையே ஆடவைக்கலாம் என்றார் மாப்பிள்ளை. சுலபம் என்று வைத்தால் அந்த மிஷின், கண்ணெதிரே ஓட்டை வாயில் நிற்கிற பந்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து அடித்தது. கடினம் என்று வைத்தால் நம்ம ஆளை எழுந்திருக்க விடாமல் அத்தனை பந்தையும் தானே போட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் இல்லை. "இதுக்கு வயித்துவலி வராது. பொண்டாட்டியோட சண்டை கெடையாது. கருப்புப் பந்துக்கு வரும்போது கை நடுங்காது. பயமே இல்லாதவன்கிட்ட என்னண்ணே ஜெயிக்கறது?" என்று என்னிடம் வந்து முறையிட்டான்.

மாப்பிள்ளைக்குக் கடைசி அடி, ஆட்டத்தின் முதல் அடியில்தான் விழுந்தது. முக்கோணமாக அடுக்கின பந்துக் கூட்டத்தை ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் அடித்தால், ஒவ்வொரு தடவையும் அதே பந்து அதே ஓட்டையில் விழுகிறது என்று கண்டுபிடித்தான். ஒரு கையில் டீத் தம்ளர், இன்னொரு கையில் கண்ட்ரோலர். வரிசையாக ஏழு தடவை அதே பந்தை அதே ஓட்டையில் போட்டுக் காட்டினான். ஏழாவது தடவை திரையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு போட்டான். பந்துக் கூட்டத்தை உடைத்தால் என்ன ஆகும் என்று கடவுளுக்கே தெரியக் கூடாது, அதுதான் ஆட்டம். இந்த டிவி ஆட்டத்தைப் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் ஆடிக்கொள்ளட்டும். ஆட்டம் தெரிந்தவனிடம் இதை உண்மை என்று விற்க வருவது, குளிக்கிறவனிடம் குற்றாலத்தின் படத்தைக் கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொல்வதற்குச் சமம் என்பது என் தீர்ப்பு.

மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? நீங்க சொல்லுங்க, நான் கம்பெனிக்கே எழுதிப்போடுறேன்."

ரசமட்டம் கைகட்டி நின்று, சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னான். மாப்பிள்ளை போனில் தமிழில் அடிக்க, போன் அதைத் தானே இங்கிலீஷில் மாற்றியது. அனுப்பியாயிற்று. நாலைந்து நாளில் பதில் வந்தது. மாப்பிள்ளை அதை ஒரு தடவை மனசுக்குள் படித்தார். முகம் போன போக்கைப் பார்த்து, "தமிழ்ல சத்தமாப் படிங்க மாப்ளை" என்றேன்.

"மேசை மிகவும் தரக்குறைவாக இருக்கிறது, இவ்வளவு தரக்குறைவு ஆகாது என்று நீங்கள் எழுதியது எங்களுக்கு வருத்தம் அளிக்கிறது. அடுத்த முறை மேசையை இன்னும் வழவழப்பாகவும் இன்னும் சமதளமாகவும் ஆக்கித் தருகிறோம்."

போனுக்கு மட்டம் என்றால் ஊர்க்காரர்களின் மட்டம்தான் தெரிந்திருக்கிறது. "இன்னும் மட்டம் பண்ணப் போறாங்களா?" என்று ரசமட்டம் தலையில் கைவைத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

இந்த இடத்தில் மாப்பிள்ளைக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஆட வராதவங்கதான் கொறை சொல்லிக்கிட்டே இருப்பாங்க. டிவியில எங்கூட ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டச் சொல்லுங்க மாமா, பாப்போம்" என்றார்.

மாடியில் பாய் உள்பட பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எழுந்து நின்று சொன்னேன்: "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு, மத்தியானம். டிவியில ஒரே ஆட்டம். ரசமட்டம் ஜெயிச்சா மேசை மாடியில நிக்கும். மாப்ளை ஜெயிச்சா மேசை மாடியை விட்டு எறங்கிரும்."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்த கையை எடுக்கவில்லை. "சரிண்ணே" என்றான், அவ்வளவுதான்.

அந்த இரண்டு வாரமும் அவன் மேசைப் பக்கம் போகவில்லை. டிவியே கதி. திருவரங்குளத்தில் ஒரு வீட்டில் பாத்ரூம் தரையைப் பாதியோடு விட்டுவிட்டு வந்துவிட்டான். அந்த வீட்டம்மா எனக்குப் போன் போட்டு, "ஒத்தைக் கால்ல நின்னு குளிக்கிறோம்ங்க" என்று அழுதார். அவன் டிவியைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை. எத்தனை அமுக்கு அமுக்கினால் எத்தனை தூரம் போகும் என்று கட்டைவிரலுக்குப் பாடம் பண்ணினான். அருவருப்பான சாப்பாட்டை வைத்தியத்துக்காகச் சாப்பிடுகிற முகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை இறுக்கமான பேண்ட் போட்டு வந்தார். ரசமட்டம் வெளுத்த சட்டை போட்டிருந்தான், பென்சில் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நம்ம மாடிச் சட்டப்படிதான் ஆடுவது என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை நன்றாகவே ஆடினார். பட்டை போட்ட பந்துகள் அவருக்கு, முழு நிறப் பந்துகள் இவனுக்கு. ஆளுக்கு ஒன்றாக விழுந்து விழுந்து, கடைசியில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு பட்டைப் பந்து பாக்கி. ரசமட்டத்துக்குக் கருப்பு மட்டும் பாக்கி. அதைப் போட்டால் ஆட்டம் முடிந்தது.

அவன் முறை. குச்சியால் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து நிற்கிறது. நேரே எதிரில் கருப்பு. மூலை ஓட்டை திறந்து கிடக்கிறது. கட்டைவிரல் ஒரு அமுக்கு. கருப்பு போய் அழகாக விழுந்தது.

கூரை பிய்ந்துவிட்டது! பாய் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். டிவியிலும் பட்டாசு வெடித்தது. நான் நாற்காலி மேலே ஏறி நின்றேன். எனக்கு இந்த வயதில் அது தேவையில்லைதான்.

ஜெயித்தவனைக் குஷிப்படுத்துவதற்காக அந்த ஆட்டம் கடைசி அடியை மெதுவாக இன்னொரு தடவை காட்டும். காட்டியது. எல்லாரும் கருப்பைப் பார்த்தோம். அவன் ஒருத்தன் மட்டும் குச்சியைப் பார்த்தான்.

வெள்ளைப் பந்துக்கு நேர் பின்னால் ஒட்டினாற்போல மாப்பிள்ளையின் பட்டைப் பந்து நின்றது. நிஜ மேசையில் என்றால் குச்சியின் பின்பக்கத்தைச் செங்குத்தாகத் தூக்கி, விரல் நுனியில் நின்று, உயிரைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். டிவியில் குச்சி என்ன செய்தது? பட்டைப் பந்துக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து வெள்ளையைத் தட்டியது. பந்து அசையவில்லை. பேய் சுவருக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து வந்தது. மிஷின் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரசமட்டம் கண்ட்ரோலரைத் தரையில் மெதுவாக வைத்தான்.

"தொட்டுட்டேன்" என்றான்.

எங்கள் மாடியில், கருப்பைப் போடும்போது தொட்டால் ஆட்டமே எதிராளிக்கு.

"அண்ணே, இல்லண்ணே!" என்று மாப்பிள்ளையே பதறினார். "கேம்ல அது ஃபவுல் கெடையாது. குச்சி பந்துல முட்டாது. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"பந்துக்குள்ள பூந்து வந்துருக்குங்க மாப்ள. இதுக்கு மேல எப்படித் தொடறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "அடக் கிறுக்குப்பயலே! அந்த டிவியே சும்மா இருக்கு. ஒனக்கென்னடா வந்துச்சு?"

"அது சும்மா இருக்கும்ண்ணே. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்காக எனக்கும் தெரியாதுன்னு ஆயிருமா?" என்றான். அப்புறம் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முந்தியெல்லாம் இப்படி ஒரு எடத்துல நின்னா குச்சியைத் தூக்கியிருப்பேன். பதினாலு நாளா அமுக்கி அமுக்கி, கைன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு."

பாய் மட்டும் மெதுவாக, "யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கல பாரு" என்றார்.

நான் சபையில் வாக்குக் கொடுத்தவன். கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் மேசையைப் பிரித்தவனும் அவன்தான். வேறு ஆளைத் தொடவிடவில்லை. திருகாணிகளைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, துணியை ஒரு சுருக்கம் விழாமல் உரித்து, மூன்று கல்லையும் என் வீட்டுப் போர்வைகளில் சுற்றி இறக்கினான். நாலு பேர் தூக்கும்போது, "மெல்ல, மெல்ல" என்று பிரசவ வார்டில் நிற்கிறவன் மாதிரி கூடவே வந்தான். குட்டியானை வண்டியில் ஏற்றியாயிற்று. "எங்கண்ணே போவுது?" என்று கேட்டான். நான் டிரைவரிடம் போய்க் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னேன். அவன் அங்கிட்டுத் திரும்பி, சிமெண்ட் மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டான். வண்டி கிளம்பும்போதும் திரும்பவில்லை.

வண்டி திருச்சிக்குப் போகவில்லை, காரைக்குடிக்கும் போகவில்லை. என் வீட்டுக்குப் போயிற்று. மேசை மாடியை விட்டு இறங்கும் என்றுதான் நான் சபையில் சொன்னேன். என் வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போகாது என்று சொன்னேனா? படித்தவர்கள் பத்திரம் எழுதினாலும் இப்படி ஓட்டை வைத்து எழுத வராது. காரை எடுத்துத் தெருவில் புங்கமரத்தடியில் விட்டேன். காக்கைகள் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டன.

"காரை வெயில்ல போட்டுட்டுக் கல்லுக்கு நெழல் குடுக்கற மனுஷனை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் என் மனைவி.

ரசமட்டத்துக்குப் போன் செய்து, வீட்டில் ஒரு சின்ன வேலை இருக்கிறது வா என்று மட்டும் சொன்னேன். வந்தான். போர்வை சுற்றிய கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காலில் விழுவான், கண்ணீர் விடுவான் என்று எதிர்பார்த்து நான் தோளில் துண்டைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். அவன் ஷெட்டின் தரையைப் பார்த்தான்.

"இங்க நிக்காதுண்ணே."

"ஏன்?"

"கார் கழுவுன தண்ணி வாசலுக்கு ஓடணும்னு தரையைச் சரிவா போட்டிருக்கான். இதுல மேசை போட்டா பந்தெல்லாம் தெருவுக்குப் போயிரும். முழுசாப் பேத்துதான் ஆகணும்."

"நீதானடா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்டே?"

"அதான் சரிவு இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றான்.

பேர்க்க ஆரம்பித்தான். கார் ஷெட் தரை என்பது கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கும் மூன்று நாள் வேலை. இப்போது மூன்று மாதம் ஆகிறது. காலையில் வருகிறான். ஒரு டைல்ஸ் ஒட்டுகிறான். குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். தலையை ஆட்டுகிறான். பேர்த்தெடுக்கிறான். மத்தியானம் என் வீட்டுச் சாப்பாடு. சாம்பாரில் குறை சொல்கிறான். சாயங்காலம் மாப்பிள்ளை கேம் சென்டரை ஆளிடம் விட்டுவிட்டு இங்கே வந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவனுக்குச் சிமெண்ட் குழைத்துக் கொடுக்கிறார். அதிலும் தண்ணீர் கூடிப்போயிற்று என்று அவருக்குத் திட்டு விழுகிறது.

வேலை எப்போது முடியும் என்று என் மனைவி தினமும் என்னைக் கேட்கிறாள். நான் அவனை ஒரு தடவையும் கேட்டதில்லை. அவசரப்படுத்தினால் கோபித்துக்கொண்டு போய்விடுவான். அவசரம் எனக்கும் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. அவனிடம் தோற்று மூன்று மாதம் ஆகிறது.